பதினாலாம் நம்பர் எலி

பிறந்து நாலு நாளான எலிக்குட்டியைத் தூக்கிப் பார்த்தாலே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன். வாலடியில் இடைவெளி அதிகமாக இருந்தால் ஆண்; அதற்குக் கூண்டு. பெண் என்றால் கேஸ் பெட்டியில் போட்டு மூடி, வாயுவைத் திறந்து கொன்றுவிட வேண்டும். பேளுக்குறிச்சிப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் எலி அறையில் ஆறு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. "பொட்டைக்கு நாலஞ்சு நாளைக்கு ஒருதரம் உடம்பு மாறும், ரிசல்ட் குழம்பிடும்" என்பார் மேனேஜர் சிவபிரகாஷ். அவரும் ஒரு பெண் பெற்ற பிள்ளைதான். சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

ஒரே ஒரு முறை தவறினேன். தூக்க மாத்திரைச் சோதனையில் இருந்த பதினாலாம் நம்பர், வளர்ந்த பிறகு பார்த்தால் பெண். மருந்து கொடுத்த மற்ற எலிகள் நாலு மணி நேரத்தில் எழுந்துவிட்டன. அது மட்டும் சாயங்காலம் வரை தூங்கியது. நோட்டில் எழுதி வைத்தேன்.

"பொட்டைய எதுக்கு எழுதறே? அடிச்சுடு" என்றார்.

நோட்டில் அந்த வரியை அடித்தேன். என் தவறு வெளியே தெரியாமல் போனதில் நிம்மதிகூட.

மாத்திரை கடைக்கு வந்துவிட்டது. மலைமேல் குண்டனி நாட்டு ஊரில் இருந்த என் அக்கா பொன்னாயி, புருஷன் போனதிலிருந்து தூக்கமில்லாமல் தவித்தாள். டாக்டர் அதையே எழுதிக் கொடுத்தார். போடப் பயந்தவளுக்கு போனில் தைரியம் சொன்னது நான்தான்.

"எங்க கம்பெனி மாத்திரைதான்க்கா. நான் கண்ணால பாத்தது. பயப்படாமப் போடு."

பதினாலாம் நம்பர் அப்போது என் நினைவுக்கே வரவில்லை. அதற்காக என்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

மறுநாள் காலை மிளகு பறிக்க ஏணி ஏறியவள், மேலேயே கண்ணயர்ந்து விழுந்துவிட்டாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது இன்னும் பேச்சு இருந்தது.

"ஒண்ணுதான் போட்டேன் கண்ணு. விடிஞ்சும் கண்ணே தொறக்கல. நீ சொன்ன மாத்திரைதானேன்னு ஏறிட்டேன்."

மதியத்துக்குள் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் சிவபிரகாஷிடம் போனேன்.

"பொம்பளைங்களுக்கு அது காலையிலயும் தெளியறதில்லீங்க சார். மாத்திரை அட்டையில எழுதோணுமுங்க. பதினாலாம் நம்பர்லயே தெரிஞ்சுதுங்களே."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஒரே ஒரு பொட்டை எலிய வெச்சு என்னம்மா சொல்ல முடியும்? மத்த பொட்டை எலியெல்லாம் எங்கேன்னு கேப்பாங்களே?"

"நாந்தாங்க சார் கொன்னேன்" என்றேன்.