கேலிக்குக் கட்டிய பள்ளிக்கூடம்

பேராசிரியைக்குப் பாடம் நடத்துவது கைவந்த கலை. கல்லூரியில் சமூகவியல் எடுக்கிறார். அதிலும் 'பள்ளிக்கூடம் எதற்காக இருக்கிறது' என்கிற பாடம் வந்துவிட்டால் அவருக்கு இறக்கை முளைத்துவிடும். சமூகத்தைச் சேர்த்துத் தைக்கிற ஊசிநூல்தான் பள்ளிக்கூடம் என்று சொல்கிற கட்சி ஒன்று. இல்லவே இல்லை, ஏற்கெனவே ஜெயித்தவன் பிள்ளைக்கு 'இவன் திறமைசாலி' என்று முத்திரை குத்தித் தருகிற இடம்தான் அது என்கிற கட்சி இன்னொன்று. பேராசிரியை இரண்டாவது கட்சி. முதல் கட்சியை ஒரே வகுப்பில் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மிச்ச வாரம் முழுக்கத் தன் கட்சிக்குக் கொடி பிடிப்பார்.

பெரும்பாலும் அது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். அவர்களை எழுப்புவதற்கென்றே கற்பனையில் ஒரு பள்ளிக்கூடம் கட்டி வைத்திருந்தார். உலகத்திலேயே மகா அநியாயமான பள்ளிக்கூடம். நாலு வயதுப் பிள்ளையைச் சேர்க்கப் போனால் அங்கே கேள்வியே கேட்க மாட்டார்கள். மேசைமேல் ஒரு புத்தகத்தைத் தலைகீழாக வைத்திருப்பார்கள். புத்தகம் புழங்கும் வீட்டுப் பிள்ளை அதைத் திருப்பி வைக்கும். தட்டில் பிஸ்கட் இருக்கும். ஒன்று எடுத்தால் நல்ல குடும்பம், இரண்டு எடுத்தால் நடையைக் கட்டலாம். தண்ணீர் கொண்டுவரும் ஆயாவுக்குப் பிள்ளை நன்றி சொல்கிறதா என்று பார்ப்பார்கள். பெற்றோர் எப்படி உட்காருகிறார்கள் என்று பார்க்க ஒரு மெத்தென்ற சோபா. "பரீட்சை பிள்ளைக்கு இல்லைங்க, பிள்ளை பிறந்த வீட்டுக்கு!" என்று முடிப்பார். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சிரிப்பைக் கேட்காவிட்டால் பேராசிரியைக்குச் சாப்பிட்டது செரிக்காது.

அது வகுப்பறை. வீட்டில் கதை வேறு. மகளுக்கு நாலு வயது ஆனதும் பேராசிரியைக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு நல்ல பள்ளிகள் கையை விரித்துவிட்டன. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி இருக்கத்தான் இருக்கிறது. எழுபது பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர், அந்த டீச்சரும் பாதி நாள் வருவதில்லை. மிச்சமிருந்தது பூங்காவை ஒட்டிய பள்ளி ஒன்றுதான். அங்கேயும் ஒரே ஓர் இடம். அதற்கு இரண்டு குடும்பங்களை வரச் சொல்லியிருந்தார்கள். இது போனால் எழுபதோடு எழுபத்தொன்று.

அவருடைய கணவர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். படிப்பு ஏறவில்லை என்பதை வெட்கமில்லாமல் சொல்லிச் சிரிக்கிற மனிதர். மனைவியின் படிப்பைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்: எங்கே போனாலும் உட்காரும் இடத்தைக் குதித்துப் பார்ப்பார்.

"இங்க பாருங்க, அங்க போய் உட்கார்ந்ததும் குதிக்கக் கூடாது."

"லேசா அழுத்திப் பார்த்தா என்ன? பஞ்சா ஸ்பிரிங்கான்னு தெரிய வேண்டாமா?"

"வேண்டாம். வாயைத் திறந்தா நிறுத்தி நிதானமா பேசுங்க. வாண்டு, நீ மூக்குல விரல் வைக்கக் கூடாது."

வாண்டு மூக்கிலிருந்து விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

"ஏம்மா, இதெல்லாம் அநியாயம்னு நீதானே வருஷா வருஷம் வகுப்புல தொண்டை கிழியக் கத்துறே?" என்றார் மெத்தைக்காரர்.

"வகுப்பு வேற, பொண்ணு வேற" என்றார் பேராசிரியை. இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் சாப்பாடு கிடைக்காது என்று தெரிந்து மெத்தைக்காரர் சட்டையை இஸ்திரி போடப் போனார்.

பள்ளி நடைபாதையில் ஒரு நீண்ட பெஞ்ச். இன்னொரு குடும்பம் அதில் முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. குடும்பம் என்றால் ஓர் அம்மாவும் மகளும்தான். அம்மா பஸ் ஓட்டுகிறவர். வேலை முடித்த கையோடு சீருடையிலேயே வந்துவிட்டார். மகள் மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். அவளும் வாண்டும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் இரண்டும் பெஞ்சுக்கு அடியில். பெரியவர்களுக்கு நட்புக்கு ஒரு மாமாங்கம் ஆகும். இதுகளுக்கு ஒரு பெஞ்ச் போதும்.

பேராசிரியை குடும்பத்தை முதலில் கூப்பிட்டார்கள்.

தலைமையாசிரியை சின்ன வயசு. மூக்குக்கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு மாதிரி சிரித்து, "உட்காருங்க" என்று சொல்லிவிட்டு எதையோ எழுத ஆரம்பித்தார். கேள்வி எதுவும் வரவில்லை. மெத்தைக்காரர் சோபாவில் உட்கார்ந்தார். பாவம், உட்காரும்வரை கட்டுப்பாடாகத்தான் இருந்தார். உட்கார்ந்ததும் உடம்பு கேட்கவில்லை. இரண்டு குதி குதித்து, "பஞ்சு" என்று மனைவியின் காதில் சொன்னார். அதற்குள் வாண்டு மேசைமேல் ஏறி, தூரத்தில் இருந்த தட்டிலிருந்து கைக்கொரு பிஸ்கட் எடுத்திருந்தது. ஆயா தண்ணீர் கொண்டுவந்தார். வாண்டு மடக்கென்று குடித்துவிட்டு, "இன்னொண்ணு" என்றது.

பேராசிரியை மகளை இறக்கிவிடக் குனிந்தார். அப்போதுதான் மேசைமேல் இருந்த புத்தகம் கண்ணில் பட்டது. தலைகீழாக இருந்தது.

புத்தகம். தட்டு. ஆயா. சோபா. தூங்குகிறவர்களை எழுப்பத் தான் வாயால் கட்டிய பள்ளிக்கூடத்துக்குள், தன் மகளையும் கூட்டிக்கொண்டு தானே வந்து உட்கார்ந்திருக்கிறார்! கேள்வித்தாளைத் தயாரித்தவரே பரீட்சையில் கோட்டை விடுவதா? யாரும் பார்க்காத மாதிரி கையை நீட்டி, விரலால் புத்தகத்தை மெல்லத் திருப்பினார்.

"நீங்க திருப்பினா மார்க் இல்லை மேடம்" என்று தலைமையாசிரியை கலகலவென்று சிரித்தார். "என்னைத் தெரியலையா? உங்க ஸ்டூடண்ட் மேடம் நான். முதல் பெஞ்ச்!"

தெரிந்துவிட்டது. பேராசிரியை தும்மினால்கூடக் குறித்துக்கொள்கிற ரகம் ஒன்று எல்லா வகுப்பிலும் உண்டு. மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இந்த ரூம் மொத்தமும் நீங்க போட்டுக் கொடுத்தது. புத்தகத்தைத் திருப்பணும், ஒரே பிஸ்கட், ஆயாவுக்கு நன்றி, சோபால ஆடாம உட்காரணும், அஞ்சு வருஷமா இதே முறைதான். அப்பா அம்மா என்ன படிச்சாங்க, எங்க வேலைன்னு நான் ஒருத்தரையும் கேட்கிறதில்ல. அது அநாகரிகம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வந்து... நான் அதை எதுக்குச் சொன்னேன்னா..."

"சொல்லுங்க மேடம்." தலைமையாசிரியை பேனாவைத் திறந்து, பழைய முதல் பெஞ்சு முகத்தோடு காத்திருந்தார். "ஏதாவது தப்பா இருக்கா? நீங்க சொன்னா இன்னைக்கே மாத்திடுறேன்."

அம்மா தாயே, இது கேலிக்குச் சொன்னது, இதைத் தூக்கிக் குப்பையில் போடு என்று ஒரு வாக்கியம் பேராசிரியையின் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே எழுபது பிள்ளைகளும் வராத டீச்சரும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். ஐந்து வருஷமாகப் பெருமையாகச் செய்துவருவதை முட்டாள்தனம் என்று சொன்னால், அந்த இடத்தை இவள் நமக்கா தருவாள்?

"தட்டை..." என்றார் பேராசிரியை. "தட்டை இன்னும் கொஞ்சம் கிட்ட வைக்கலாம். எட்டலைன்னா சின்னப் பிள்ளைங்க ஏறத்தான் செய்யும். அதைக் குத்தம் சொல்ல முடியாது பாருங்க."

"அருமை மேடம்!" என்று தலைமையாசிரியை எழுதிக்கொண்டார். மெத்தைக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பேராசிரியை சுவரைப் பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நம்பிக்கையாகவும் இருந்தது.

வெளியே வந்ததும் பஸ் ஓட்டுகிற அம்மா எழுந்து நின்றார்.

"உள்ள என்னங்க கேட்டாங்க? எனக்குப் பயமா இருக்குதுங்க. பஸ்ல நூறு பேரை ஏத்திக்கிட்டுப் போறப்பகூட இப்படி இல்லீங்க."

உண்மையை மட்டும் சொன்னால் போதும். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பேராசிரியை கைப்பையின் வாரைச் சரிசெய்தார்.

"ஒண்ணும் கேட்கலைங்க. சும்மாதான் பேசிக்கிட்டிருந்தாங்க. பயப்படாம போங்க."

பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. படித்தவர்களுக்கு மட்டும் வாய்க்கிற ஒரு பதில். வாண்டு எங்கே என்று தேடினார். அது எப்போதோ பெஞ்சுக்கு அடியில் மஞ்சள் கவுனோடு தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டாவது பிஸ்கட் இப்போது மஞ்சள் கவுனின் வாயில் இருந்தது.

அம்மாவும் மகளும் உள்ளே போய்விட்டுத் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியையே வெளியே வந்து, பேராசிரியையைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் வருத்தம் இருந்தது, பூரிப்பும் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்தப் பொண்ணு உள்ள வந்ததும் நேரா போய்ப் புத்தகத்தைத் திருப்பி வச்சா. ஒரே ஒரு பிஸ்கட், அதுவும் கேட்டுட்டு எடுத்தா. நீங்க சொன்னபடி தட்டைக் கிட்ட வச்சது நல்லா வேலை செஞ்சுது. ஆயாவுக்கு மூணு தடவை நன்றி சொன்னா. அம்மாவும் ஆடாம அசையாம உட்கார்ந்தாங்க. வீட்ல எத்தனை புத்தகம் இருந்தா ஒரு குழந்தை இப்படி வளரும்! உங்களுக்காக நான் வளைஞ்சு கொடுத்தா, நீங்க நடத்தின பாடத்துக்கே அவமரியாதை இல்லையா?"

இடம் போயிற்று. பேராசிரியை திரும்பினால் பஸ் ஓட்டுகிற அம்மா கண் கலங்க நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க ஒண்ணும் கேட்கலைன்னீங்க. ஆனா உங்க பொண்ணு என் பொண்ணுகிட்ட ஒண்ணுவிடாம சொல்லியிருக்குங்க. புத்தகத்தை நீங்களே திருப்பி வச்சீங்களாமே, அதையும் சேர்த்து." அவர் குரலில் குத்தல் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "புள்ளைய நல்லா வளர்த்திருக்கீங்க."

வாசலைத் தாண்டியதும் பேராசிரியை மகளைப் பிடித்து நிறுத்தினார்.

"உள்ள நடந்ததை எல்லாம் எதுக்குடி அவகிட்டப் போய்ச் சொன்னே?"

வாண்டுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அவ உள்ள போகணும்ல? அவளுக்குத் தெரியாதும்மா."

"தெரியாட்டி உனக்கென்ன?"

"அவ வரலைன்னா நான் மட்டும் தனியா ஸ்கூல்ல என்ன பண்றது?" அம்மா இவ்வளவு மக்காக இருப்பாள் என்று அது எதிர்பார்க்கவில்லை. பொறுமையாக விளக்கியது: "நீ கவலைப்படாதம்மா. நாளைக்கு அவ முன்னாடியே போயிடுவாளாம். எனக்கும் பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கிறேன்னு சொல்லியிருக்கா."

மெத்தைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.