அப்பா தூங்கும் நேரம்

பனிக்கட்டி ஆலையில் இரவு வேலை பார்த்த அண்ணன் பகலில்தான் தூங்குவான். அண்ணி போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவன் தூங்கும்போது மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஐந்து வயது மகள்தான் அவன் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். அவள் நடந்தால் தரைக்குக்கூடத் தெரியாது. பூனை என்றுதான் தெருவே கூப்பிட்டது.

அன்று மதியம் அவன் தங்கை, பூனையின் அத்தை, தையற்கூடத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். மூடிய அறைக்கதவுக்கு வெளியே பூனை சம்மணமிட்டிருந்தாள். முன்னால் தட்டில் இரண்டு பிஸ்கட்.

"சாப்பிடலையாடி?"

பூனை உதட்டில் விரலை வைத்தாள். "அப்பா எழுந்ததும் சேர்ந்து சாப்பிடணும்."

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, இந்நேரம் தட்டையும் கடிச்சிருக்கும்." அத்தையின் குரலும் தானாகத் தாழ்ந்தது. கதவைத் திறக்கக் கையை நீட்டினாள். குழந்தை முறைத்த முறைப்பில் சிரிப்பு வந்துவிட, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தையற்கூடத்தில் அன்று முழுக்க அதே பேச்சு: "பொறுமையை எங்கண்ணன் மககிட்டதான் கடன் வாங்கணும்."

மாலை ஆறரைக்கு, ஆள் இன்னும் வேலைக்கு வரவில்லை என்று ஆலையிலிருந்து போன் வந்தது. அத்தை ஓடினாள். பூனை அதே இடத்தில் இருந்தாள். பிஸ்கட்டில் எறும்பு மொய்த்திருந்தது. கவுன் நனைந்து தரையெல்லாம் ஈரம்.

"அப்பா எழுந்திரிக்கலையா?"

"இல்லத்தை. நீங்க போனப்புறம் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவை, மெதுவா. தூக்கத்துல பேசினா பதில் சொல்லாதேன்னு அப்பாதானே சொன்னாங்க. நான் மூச்சே விடலை."

சொல்லிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.

அத்தை கதவைத் தள்ளினாள். அது சிறிதே திறந்து எதிலோ முட்டி நின்றது. இடுக்கு வழியே தலையை நுழைத்துப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது. அண்ணன் கதவடியில் குப்புறக் கிடந்தான். தொட்டபோது ஆலையின் பனிக்கட்டி போலச் சில்லிட்டிருந்தான்.

ஆட்கள் வருமுன் குழந்தைக்கு உடை மாற்றிக்கொண்டே அத்தை சொன்னாள்: "அப்பா கூப்பிட்டதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எங்கிட்டகூட இனிமே சொல்லாதே. சரியா?"

"எத்தனை நாளைக்கு?"

அத்தை பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

தூக்கத்திலேயே போய்விட்டான், கொடுத்துவைத்தவன் என்று எல்லோரும் சொன்னார்கள். பதினோரு வருடமாக இன்னும் சொல்கிறார்கள். அத்தை வீட்டில் வளரும் பூனை, அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அத்தையின் முகத்தைப் பார்ப்பாள். அத்தை சரியென்று தலையசைப்பதில்லை. பூனை மறுபடி வேலையைத் தொடங்குவாள்.