நான்கு வயது முதல் பன்னிரண்டு வரை

"மேடம், நாலு வயசுல இருந்து பன்னெண்டு வரைக்குந்தாங்க" என்று கிட்ஸ் கிளப் ஊழியன் தினகரன் மூன்றாவது முறையாகச் சொன்னபோது வேலாமணிக்குப் பொறுமை போய்விட்டது. மசினகுடியில் அந்த ரிசார்ட்டுக்கு வந்து இறங்கி இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் குழந்தைகள் விளையாடும் அந்தக் கிளப்பின் வாசலில் அரை மணி நேரத் தகராறு.

அவள் மகள் வர்ஷாவுக்கு வயது பத்தொன்பது. அது ஆதார் கார்டு சொல்லும் வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பெண். அவளுடைய ஆசையும் கோபமும் விளையாட்டும் ஏழெட்டு வயதைத் தாண்டவில்லை. களிமண்ணில் யானை செய்யப் போகிறேன் என்று கோயமுத்தூரிலிருந்து வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறாள்.

"ஏனுங்க தம்பி, புக் பண்றப்பவே போன்ல அவளப் பத்திச் சொன்னனுங்களே? பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

"அது கோயமுத்தூர் ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க. இங்க சிஸ்டத்துல பெரியவங்கன்னு வருதுங்க. பெரியவங்களுக்கு ஜீப் சபாரி இருக்கு, டிஜே இருக்கு..."

"டிஜேவ நீங்களே வெச்சுக்கோங்க."

கணவர் ஆறுச்சாமி இருந்தால் ஒரு வார்த்தை பேசலாம். அவரோ, சண்டை தொடங்கும் வாசனை வந்ததுமே டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். இருபது வருஷமாக அப்படித்தான்.

அப்போது, அவர்களோடு சுற்றுலா வந்திருந்த நாத்தனார் ஷண்முகப்ரியா தன் மகன் கிருத்திக்கோடு வந்தாள். அவனுக்கு நான்கு வயது. தினகரன் முகம் மலர்ந்தது.

"குட்டிக்கு ஓகேங்க. ஆனா அஞ்சு வயசு ஆகலைன்னா கூட ஒரு பெரியவங்க இருக்கோணும். பதினெட்டு முடிஞ்சவங்க, ஒருத்தர் மட்டும்."

வேலாமணி நிமிர்ந்தாள். "இவளப் பெரியவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இவளே கூடப் போகட்டும்."

தினகரன் விதிகள் இருந்த தாளை இரண்டு பக்கமும் புரட்டினான். அப்படிக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. "கொழந்தையோட அம்மா கையெழுத்துப் போட்டாச் சரிங்க" என்று ஷண்முகப்ரியாவிடம் பேனாவை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "அண்ணி... இது அவன் தூங்கற நேரமுங்க."

கிருத்திக் வர்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான். வேலாமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாண வீட்டில் மணிக்கணக்காக அவனை இடுப்பில் சுமக்க வர்ஷா வேண்டும்; ஒரு கையெழுத்து என்றால் மட்டும் தூக்கம் வந்துவிடுகிறது.

"அந்தத் தம்பி ரூல் சொன்னாரு. நீ சாக்குச் சொல்றே அம்மிணி."

ஷண்முகப்ரியாவின் முகம் சிவந்தது. "செரி, நானும் உள்ள உக்காந்துக்கறனுங்க."

"ஒருத்தருக்கு மேல விடமாட்டோமுங்க மேடம்" என்றான் தினகரன். அன்று முழுக்க அவன் சொன்னதில் வேலாமணிக்குப் பிடித்த ஒரே ரூல் அதுதான்.

ஷண்முகப்ரியா கையெழுத்துப் போட்டாள். கதவு திறந்தது. வர்ஷா முதலில் கிருத்திக்குக்கு ஏப்ரன் கட்டிவிட்டாள். பிறகு தனக்குக் கட்டிக்கொண்டு, களிமண்ணுக்காக இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பார்க்கப் பார்க்க வேலாமணிக்கு வயிறு குளிர்ந்தது. பக்கத்தில் ஷண்முகப்ரியா கண்ணாடியை விட்டு அங்குலம் நகரவில்லை. கண் கிருத்திக்கின் மேலேயே இருந்தது. பத்தொன்பது வருஷமாகப் பார்த்த பெண்ணிடம் என்ன பயம் என்று கேட்க வேலாமணிக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. இன்னும் இரண்டு நாள் இவளோடு ஒரே அறையில் இருந்தாக வேண்டும்.