ரெண்டையும் துடைத்த துணி

ஆண்ட்ரூஸ் எப்பேர்ப்பட்ட ஆள் என்றால், வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிற ஆள். கேஸ் சிலிண்டரை மூடினாயா, மோட்டாரை நிறுத்தினாயா என்று இரண்டு வேளையும் ஃபோனில் கேட்டு மனைவி ஜெயராணியின் பிராணனை வாங்குவான். அப்படிப்பட்டவனுக்கு அமைந்த வேலையும் லேசுப்பட்டதல்ல. சொந்த ஊரான ஆவூரில் ராத்திரி பஸ் ஏறினால் விடிந்த பிறகு போய்ச் சேருகிற தூரத்தில், கடலோரமாக ஓர் அணுமின் நிலையம். உலையை நிறுத்துகிற பிரேக்கர்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன் அவன்.

வீட்டு மீட்டர் பெட்டியில் டிரிப்பர் இருக்கிறதே, அதற்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய சூட்கேஸ் அளவு இருக்கும். அதன் வழியாகப் போகிற மின்சாரம்தான் உலைக்கு மேலே கட்டுப்பாட்டுக் கம்பிகளைத் தூக்கிப் பிடித்திருக்கும். ஆபத்து என்றால் பிரேக்கர் படக்கென்று திறக்க வேண்டும். மின்சாரம் அறும், கம்பிகள் தம் பாரத்தில் கீழே விழும், உலை அடங்கிவிடும். வருஷம் பூராவும் சும்மா கிடந்துவிட்டு, என்றைக்கோ ஒரு நாள் கண்மூடித் திறப்பதற்குள் வேலை செய்ய வேண்டிய சாமான் அது. சும்மா கிடப்பதுதான் அதற்குச் சத்துரு. உள்ளே போட்ட கிரீஸ் காய்ந்து இறுகிவிடும், கொக்கி ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, பழைய கிரீஸை வழித்து, அரிசி மணி அளவு புது கிரீஸ் வைத்து, புதுத் துணியால் துடைத்து, திறக்கிறதா என்று தட்டிப் பார்த்து மூடுவது.

இந்த முறை அதைச் செய்துவிட்டுத்தான் லீவில் வந்திருந்தான். மகள் ஃபெமினாவுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். ஒன்பது வயசு. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் எடுத்த வெள்ளைக் கவுன் ஒரு வாரமாகக் கதவில் தொங்கியது. யாராவது அதன் பக்கத்தில் போனால் போதும், "கைய கழுவிட்டு வாங்க" என்று ஒரு சத்தம் போடுவாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மாதா படத்துக்கு முன்னால் இருந்த சின்ன பிளாஸ்டிக் பாட்டிலோடு ஃபெமினா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷத் திருவிழாவில் மந்திரித்து வாங்கிய எண்ணெய்.

"அப்பா, இது தொறக்கவே மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டேதான் வாங்கினான். மூடியைத் திருகினான். அசையவில்லை. வேட்டி நுனியைச் சுற்றிப் பலங்கொண்ட மட்டும் திருகியபோது மடக்கென்று விட்டுக்கொடுத்தது. மூடியின் உள்பக்கம் பழுப்பாகப் பலாப்பிசின் மாதிரி இழுத்தது. விரலில் பட்டதைத் தேய்த்தான். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டன.

அப்போதுதான் உறைத்தது. இதே எண்ணெய் அல்லவா!

விஷயம் இதுதான். ஒவ்வொரு லீவு முடிந்து கிளம்பும்போதும் ஜெயராணி அந்த எண்ணெயில் பஞ்சை நனைத்து, சின்ன கவரில் போட்டு, அவன் சட்டைப் பையில் வைத்துவிடுவாள். ஆண்ட்ரூஸ் வேலை முடிந்ததும் பஞ்சைத் தொட்டு, பிரேக்கரின் உள்சட்டத்தில் ஓர் ஓரமாகச் சின்னச் சிலுவை ஒன்று போட்டு, அப்புறம்தான் மூடியை மாட்டுவான். பதினொரு வருஷப் பழக்கம். உள்ளே போகிற ஸ்குரூ முதற்கொண்டு எழுதி வைக்கிற இடம் அது. பஞ்சு மட்டும் எந்தப் பட்டியலிலும் கிடையாது. சட்டத்தில் சிலுவை போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

ஆனால் இந்த முறை முதல் பிரேக்கரில் சிலுவை போட்ட பிறகு, கொக்கியில் கிரீஸ் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. விரலைத் துணியில் துடைத்தான். பிறகு கொக்கியைத் துடைத்தான். எந்தத் துணியால்? அதே துணியா, புதுத் துணியா? அது முடிந்து இரண்டாவது பிரேக்கரைத் துடைத்தானே, அது எந்தத் துணி?

யோசித்து யோசித்துப் பார்த்தான். துணிப் பாக்கெட்டைக் கிழித்தது ஞாபகம் இருக்கிறது. மேஜை மேல் வெள்ளையாக ஒன்று கிடந்தது ஞாபகம் இருக்கிறது. 'புதுத் துணியால் துடைத்தேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தது கூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த டிக்கை அவன் எப்போது அடித்தான்? எல்லாம் முடிந்து, டீ குடிக்கும்போது, வரிசையாக ஒரே மூச்சில் அல்லவா அடித்தான்! பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பூட்டை இழுத்துப் பார்க்கிறவனுக்கு அன்றைக்கு மட்டும் புத்தி எங்கே போயிற்று?

தட்டிப் பார்த்தபோது இரண்டும் சரியாகத் திறந்தன, வாஸ்தவம். கிரீஸ் ஈரமாக இருக்கும்போது எதுதான் திறக்காது? கிரீஸோடு கலந்த எண்ணெய் நாள் போகப் போக, அந்தச் சூட்டில் கிடந்து இந்த மூடி மாதிரி ஆகிவிட்டால்? வேலை முடிந்து பதினாறு நாள் ஆயிற்று. மற்ற பராமரிப்புகளுக்காக நிறுத்தியிருந்த உலையை ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடி கிளப்பப் போகிறார்கள்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஜெயராணி கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிக்கூட டீச்சர் அவள், முகத்தைப் பார்த்தே யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று சொல்லிவிடுவாள்.

"என்னங்க, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்திருக்கீங்க?"

சொன்னான். பஞ்சைச் சொன்னான், துணியைச் சொன்னான். அவள் முகம் சுருங்கியது.

"மாதா எண்ணெய்ங்க. அது கெடுதல் பண்ணுமா?"

"மாதாவுக்குக் கிரீஸப் பத்தி என்னடி தெரியும்?"

சொன்ன பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜெயராணி கோபப்படவில்லை. உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சொன்னா வேலை போயிருமா?"

"போகலாம். அந்த ரூமுக்குள்ள போற அனுமதிய மொதல்ல பிடுங்கிருவாங்க. நாகராசு சார் கையெழுத்துப் போட்டிருக்காரு, அவருக்கும் சேந்து வரும்."

"ரெண்டு இருக்குல்ல? வரிசையா ரெண்டு வச்சிருக்கோம், ஒண்ணு மக்கர் பண்ணுனா இன்னொண்ணு தொறந்துரும்னு நீங்கதானே பெருமையாச் சொல்லுவீங்க. பொறகு என்ன?"

ஆண்ட்ரூஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ரெண்டையும் நான்தானே ஜெயா தொட்டேன்."

அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டிருந்தான். ஒரே ஆள் இரண்டு பிரேக்கரையும் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒன்றை ஆண்ட்ரூஸ் பார்த்தால் இன்னொன்றை, வேறொரு நாளில், வேறு பிரிவிலிருந்து சேரன் வந்து பார்ப்பான். ஒருத்தன் செய்த தப்பு இரண்டுக்கும் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். சேரனுக்கு டைஃபாய்டு காய்ச்சல். அவன் தேறி வரும்வரை காத்திருந்தால் ஆண்ட்ரூஸுக்கு லீவு கிடையாது. "நானே ரெண்டையும் முடிச்சிருறேன் சார், பாப்பாவுக்குப் புதுநன்மை" என்று மேற்பார்வையாளர் நாகராசுவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவர் மூன்று தடவை மாட்டேன் என்றார். நாலாவது தடவை, சேரன் பெயரை எழுதவேண்டிய இடத்தில் ஆண்ட்ரூஸின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜெயராணி சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆறிப்போன சோற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. நாளைக்கு நன்மை வாங்கப்போகிற பிள்ளைகள் ஒரு வரிசை, பெற்றவர்கள் பின்னால். ஃபெமினா ஒரு துண்டுச் சீட்டில் தன் பாவங்களை நம்பர் போட்டு எழுதி வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"அப்பா, பிளெஸ்ஸியோட ரப்பர நான்தான் எடுத்தேன். அத ஃபாதர்ட்ட சொல்லிட்டாப் போதுமா, பிளெஸ்ஸிட்டயும் சொல்லணுமா?"

"கோயில் வகுப்பு மிஸ் என்ன சொன்னாங்க?"

"பிளெஸ்ஸிட்ட ரப்பரத் திருப்பிக் குடுத்துட்டுதான் ஃபாதர்ட்ட வரணும்னாங்க. குடுத்துட்டேன். கிள்ளி வச்சுட்டாப்பா." கையைத் திருப்பிக் காட்டினாள். சிவந்திருந்தது. "நீங்க என்ன பாவம் பண்ணுனீங்க?"

வரிசை நகர்ந்தது. இன்னும் நாலு பேர். சாமியாரிடம் சொல்லலாம், அவர் மன்னிப்பார், அதோடு வெளியே வந்துவிடலாம். அங்கே அந்தக் கொக்கி அப்படியேதான் இருக்கும். நிலையத்தைச் சுற்றி எத்தனை குப்பங்கள், எத்தனை பள்ளிக்கூடங்கள் என்று அவன் மனம் வேண்டாத கணக்கெல்லாம் போட்டது. அங்கேயும் யாராவது ஒரு பிள்ளை வெள்ளைக் கவுனைக் கதவில் தொங்கவிட்டிருக்கும்.

"நீ சொல்லிட்டு வா பாப்பா. அப்பா ஒரு ஃபோன் பேசிட்டு வாரேன்."

கோயிலுக்குப் பின்னால், பைக்குகள் நிற்கிற இடத்துக்கு வந்து நாகராசுவைக் கூப்பிட்டான். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போயிற்று. ஒருவழியாகக் கிடைத்தார்.

"சார், உலையைக் கெளப்பாதீங்க."

"யோவ், என்னய்யா சொல்ற?"

சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. பஞ்சையும் சொன்னான், டீ குடித்துக்கொண்டே அடித்த டிக்கையும் சொன்னான்.

"பதினொரு வருஷமா பஞ்சு கொண்டுபோயிருக்க," என்றார் நாகராசு. "எனக்குத் தெரியாது."

"ஆமா சார்."

"ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா, அதே துணிதான்னு?"

"தெரியலை சார். தெரியலைங்கிறதாலதான் கூப்பிட்டேன்."

"என் தலையிலயும் சேத்துக் கல்லப் போட்டுட்டியேய்யா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்றைக்குப் பூராவும் ஃபோன் வரவில்லை. ஞாயிறு காலையிலும் இல்லை. ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டிவிட்டோமோ என்று ஒரு பக்கம், நம் பேச்சை நம்பாமல் கிளப்பிவிட்டார்களோ என்று இன்னொரு பக்கம். பூசையில் எழுந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தான், உட்கார வேண்டிய இடத்தில் நின்றான். ஜெயராணி இரண்டு தடவை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மணி ஒன்பதே முக்கால். ஃபெமினா முடியில் வெள்ளைப் பூவோடு, கை குவித்து நன்மை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அப்பாவைத்தான் தேடினாள். அந்த நேரம் பார்த்து அவன் தொடையில் ஃபோன் அதிர்ந்தது. மகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வெளியே ஓடினான்.

"ராத்திரி பூரா நின்னு பாத்தோம்," என்றார் நாகராசு. குரல் கட்டியிருந்தது. "மொத பிரேக்கரு பழுதில்ல. பத்துத் தடவ தட்டுனோம், பத்துத் தடவையும் தொறந்துச்சு."

"ரெண்டாவது சார்?"

"மொதத் தட்டுலயே நின்னுருச்சுய்யா. கொக்கி விடலை. அடுத்த தட்டுலதான் விட்டுச்சு. கழட்டிப் பாத்தா பிசுபிசுன்னு ஒட்டுது."

ஆண்ட்ரூஸ் பக்கத்து பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டான். வெயிலில் அது சுட்டது. கையை எடுக்கவில்லை.

"உலை?"

"கெளப்பலை. சேரன் காய்ச்சலோடயே வந்து ஒண்ணத் தொடச்சு மாத்துனான். இன்னொண்ணுக்கு வேற ஆள விட்டேன். இனிமே யாரு கெஞ்சுனாலும் வேற ஆளுதான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்கு வந்துரு. உள்ள விட மாட்டாங்க. கேட் ஆபீஸ்ல ஒக்காந்து எழுதிக் குடுக்கணும். நானும் எழுதுறேன். வேலை இருக்குமான்னு என்னையக் கேக்காத, எனக்கே தெரியாது."

"சரி சார்."

"ஆண்ட்ரூஸு." ஃபோனை வைக்கப்போனவன் மறுபடி காதில் வைத்தான். "கூப்பிட்டியே, அது போதும்யா."

பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். ஜெயராணி அவன் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் பார்க்கிற இடத்தில் அவள் அப்படிப் பிடிக்கிறவளே இல்லை. ஃபெமினா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, நேத்து எனக்கு ஃபாதர் பரிகாரமா மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் குடுத்தாரு. மூணும் முடிச்சுட்டேன். நீங்க வரிசைய விட்டுப் போயிட்டீங்களே, சொன்னீங்களா இல்லையா?"

"சொல்லிட்டேன் பாப்பா. ஃபோன்ல சொல்லிட்டேன்."

"யாருட்ட?"

"ரப்பருக்குச் சொந்தக்காரங்ககிட்ட."

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு பெரிய மனுஷி மாதிரி அவன் புறங்கையைத் திருப்பி, கிள்ளிய தடம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தனை குடுத்தாங்க?"

"இன்னும் சொல்லலை," என்றான் ஆண்ட்ரூஸ். "நாளைக்குப் போனாத்தான் தெரியும்."