கால் பங்கு கூடுதல்

லிஃப்ட் மெக்கானிக்குக் கை உதறியது. பதினெட்டாவது மாடியில் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுகிற மனிதர், வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து இப்படி நடுங்குவதைக் கூட வேலை செய்கிறவர்கள் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் கேலி செய்திருப்பார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் மனைவி வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர். கட்டப்போகும் வீட்டைக் கணினியில் எழுப்பி, உள்ளே நடந்து போவது போலவே காட்டுவார். போன வாரம் அப்படி ஒரு வீட்டைக் காட்டியபோது படம் விக்கி விக்கி ஓடியது. பார்க்க வந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரம்மா. முப்பது வருடம் தெருத்தெருவாக நடந்தவர், இடுப்பு முறிந்து இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். தலை சுற்றுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

"அகலக் கதவெல்லாம் எதுக்கும்மா? எல்லார் வீடு மாதிரியே கட்டச் சொல்லிடு. யாராவது தூக்கிட்டுப் போகட்டும்."

கடைசியாக ஒரு தடவை பார்க்க இன்று நாலு மணிக்கு வருகிறார். இன்றும் கண்ணை மூடிக்கொண்டால், நாளைக் காலையில் கொத்தனார் குறுகல் கதவுக்கே சுவர் எழுப்பிவிடுவார்.

"கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் பண்ணா படம் வேகமா ஓடுமாம். நீங்கதானே மெக்கானிக், பாத்து வைங்க" என்று மூன்று நாளைக்கு முன்பே மனைவி சாவகாசமாகச் சொல்லியிருந்தார். இன்று காலையில் மனை அளக்கப் போய்விட்டார்.

கணினியில் படத்தை ஓட்டுவது கிராபிக்ஸ் கார்டு; அதைத் தயாரித்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். மூன்று நாளாக இணையத்தில் அதைப் பற்றிப் படித்துத் தள்ளியிருந்தார். படிக்கப் படிக்கப் பயம்தான் வளர்ந்தது. கருகிவிடுமா, பற்றிக்கொள்ளுமா, கணினியையும் சேர்த்துக் கொண்டு போய்விடுமா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தீயணைப்பானைக் காலடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் தெரிந்த வேலையைச் செய்தார். மூடியைக் கழற்றினால், விசிறியில் தலையணை தைக்கிற அளவுக்குத் தூசி. தூரிகையால் தட்டி எடுத்ததும் சூடு ஒன்பது டிகிரி இறங்கியது. விக்கல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அடுத்ததில்தான் கோட்டை விட்டார். லிஃப்டைச் சோதிக்க அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. அனுமதித்த எடைக்கு மேல் கால் பங்கு கூடுதலாக ஏற்றிப் பார்ப்பார்கள், அதைத் தாங்கினால்தான் சான்றிதழ். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்று இணையத்தில் அத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தும், இருபது வருடப் பழக்கம் விடுமா? வேகத்தை ஒரேயடியாகக் கால் பங்கு கூட்டிப் படத்தை ஓடவிட்டார். திரை கறுத்துப்போனது.

ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். பையிலிருந்த 'பழுது, உபயோகிக்காதீர்' பலகையை எடுத்துக் கணினியில் மாட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவின் வீட்டைத் தன் கையாலேயே இடித்துவிட்டது போலிருந்தது. அழுகையே வந்துவிட்டது.

இரண்டு மணிக்கு மனைவி திரும்பி வந்தார். பலகையைப் பார்த்தார், தீயணைப்பானைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சிரிக்காதே. கார்டு போயிடுச்சு."

"போயிடுச்சுன்னு யார் சொன்னா?"

"நின்னுடுச்சே."

"லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

அவர் வாய் தன்பாட்டுக்குச் சொல்லியது. "பயப்படாதீங்க, பிரேக் நல்லா இருக்கு, அதான் நின்னிருக்கு."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது.

மெயினைப் போட்டார்கள். கணினி ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்கார்ந்தது. கார்டின் வேகம் தானாகவே பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. இந்தத் தடவை வேகத்தைச் சின்னச் சின்னப் படிகளாகக் கூட்டினார்கள், கார்டைக் கருக்கிவிடக்கூடிய மின்னழுத்தத்தின் பக்கமே போகவில்லை. படிக்கு ஐந்து நிமிடம் படத்தை ஓடவிட்டு, மனைவி சூட்டை உரக்கப் படித்தார். எட்டாவது படியில் படமெங்கும் பொட்டுப் பொட்டாக மின்னியது.

"ரெண்டு படி இறங்குங்க."

இறங்கினார். பொட்டும் இல்லை, விக்கலும் இல்லை. இருவரும் அசட்டுத்தனமாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

நாலு மணிக்குத் தபால்காரம்மா அரைமனதோடு வந்தார். படம் வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வழுக்கிக்கொண்டு போனது. அவர் கண்ணை மூடவில்லை. சூட்டைப் பார்ப்பதா, அவர் முகத்தைப் பார்ப்பதா என்று மெக்கானிக் தவித்தார்.

"நிறுத்தும்மா."

மனைவி சட்டென்று நிறுத்தினார்.

"அந்த மவுஸை என்கிட்ட குடு."

அவரே ஓட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அடுப்பிலிருந்து ஜன்னலுக்குத் திரும்பினார், ஜன்னலிலிருந்து கதவுக்கு. எங்கும் இடிக்கவில்லை. இன்னும் மூன்று அறை பாக்கி இருந்தது, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வாசலுக்கு வந்து, தெருவில் இறங்கி, மறுபடியும் உள்ளே வந்தார்.

"யாரும் தள்ளலியே. நானேதான் போறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "கொத்தனாருக்குப் போன் போடும்மா. கதவு அகலமாவே இருக்கட்டும்."

மனைவி போனைத் தேடி எடுப்பதற்குள் அவர் மறுபடியும் தெருவுக்குப் போயிருந்தார்.