நாலு மணிச் சன்னங்கள்

இத்தாலி மொழியில் நகுலேஸ்வரனுக்குச் சரளமாக வந்த எண்கள் எல்லாம் பத்தொன்பதரைக்கும் இருபதரைக்கும் இடைப்பட்டவை. சந்தையில் தக்காளிக்காரன் விலை சொன்னால் விழி பிதுங்கி நிற்பான். விரலால் காட்டச் சொல்வான். ஆனால் "வெந்தி, விர்கோலா, தூயே", அதாவது இருபது புள்ளி இரண்டு என்று சொல்லச் சொன்னால், பலெர்மோவில் பிறந்தவனே திரும்பிப் பார்க்கும்படி சொல்வான். நாள்தோறும் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அவன் வாய் சொன்னது அதைத்தான். மற்ற நேரங்களில் அந்த வாய்க்குச் சாப்பிடுவதைத் தவிரப் பெரிய வேலை இருக்கவில்லை.

வயது நாற்பத்துநாலு. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவன். கல்யாணம் கட்டவில்லை, ஏன் என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனார்கள். தொண்ணூற்றுமூன்றில் தாய் கண்ணை மூடினாள். தொண்ணூற்றாறு சித்திரையில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டபோது, மிச்சமிருந்த சொந்தக்காரரும் திக்குத்திக்காகப் போய் விலாசம் இல்லாதவர்களானார்கள். அவன் அதற்கு முந்தியே பலெர்மோ வந்து, போர்கோ வெக்கியோவில் நம் ஆட்கள் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாலு பேரும் கொழும்புக்கும் கனடாவுக்கும் கதைப்பதற்குத் தொலைபேசிக் கூண்டடியில் வரிசையில் நிற்பார்கள். நகுலேஸ்வரன் முன்னதாகவே போய் அவர்களுக்கு இடம் பிடித்து வைப்பான். அவர்கள் வந்ததும் விட்டுக்கொடுத்துவிட்டு மதிலோரம் நிற்பான். கூப்பிட்டுக் கதைக்க அவனிடம் ஓர் இலக்கமும் இருக்கவில்லை.

அவன் வேலை பார்த்தது, தொத்தோரே, அதாவது டாக்குத்தர், என்று ஊர் மரியாதையாகக் கூப்பிட்ட கன்ஜெமியின் வீட்டில். மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த மனிதர், வயது எழுபத்துநாலு, மனைவி இறந்து பல வருடம், ஒரே மகள் கத்தானியாவில். பொலித்தேயாமா பக்கம் மூன்றாம் மாடியில் ஆறு அறைகளோடு தனியாக இருந்தார். நகுலேஸ்வரன் சமைத்தான், கூட்டினான், சாமான் வாங்கினான். முதல் வருடம் முழுக்க இருவரும் பேசிக்கொண்டது நாற்பது சொல் இருந்தால் அதிகம். அவருக்குப் பேச ஆள் இல்லாமல் பேச்சு மறந்திருந்தது, இவனுக்குப் பாஷையே தெரியாது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் வீடு எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

தொண்ணூற்றாறு புரட்டாதியில் ஒருநாள், கடைசிச் சின்ன அறையில் தூசி தட்டும்போது மேசைமேல் ஒரு தராசைக் கண்டான். மருந்துக்கடைத் தராசு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. முள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. பதினைந்து வருடம் ஆய்வுகூடத் தராசுகளோடு குடித்தனம் நடத்தியவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போவானா? துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கால் திருகாணிகளை மெல்லத் திருகி, முள்ளை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தான். நிமிர்ந்தால் வாசலில் தொத்தோரே. திருடன் அகப்பட்டது போல நின்றான். கிழவர் குனிந்து முள்ளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் நாலு மணிக்கு அந்த மேசையடியில் இரண்டு கதிரைகள் போடப்பட்டிருந்தன.

அங்கே நடந்தது இதுதான். தொத்தோரேயிடம் நூறு வருடத்துக்கு முந்திய இராணுவத் துப்பாக்கி ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நுழையும் அளவு வாய். அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் இல்லை. தோட்டாவின் பின்பாதியான பழைய பித்தளைக் கோதில் தாமே வெடிமருந்து இட்டு, முனையில் தாமே ஈயச் சன்னம் பொருத்தி, இலக்குச் சுடும் போட்டிகளுக்குக் கொண்டுபோவார். சன்னங்கள் சேனைக்கு வேண்டாமல் கிடங்கில் கிடந்து ஏலத்துக்கு வந்தவை. ஒரு மரப்பெட்டி நிறைய ஆயிரத்திருநூறு ஈயச் சன்னங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்று. தராசில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு நிறை. நிறை கூடினது தாழ விழும், குறைந்தது மேலே போகும். பிறகு எவ்வளவு குறிபார்த்தும் என்ன? ஒரே நிறையானவற்றைப் பிரித்து ஒன்றாகச் சுட்டால் ஒரே இடத்தில் விழும். அந்தப் பிரிப்புத்தான் நகுலேஸ்வரனின் வேலை ஆயிற்று. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெளிவு பார்த்து, மூன்று தரம் நிறுத்து, எண்ணைச் சொல்லுவான். தொத்தோரே எழுதிக்கொள்வார். பதினொரு மருந்துக்கடைச் சாடிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ஒரு நிறை, கிராம் கணக்கில். நாளுக்கு இருபத்தைந்து தேறினால் அதிகம். கோதும் வெடிமருந்தும் தொத்தோரேயின் பக்கம். வெடிமருந்துப் பெட்டியின் சாவி அவர் கழுத்தில் தொங்கும். நகுலேஸ்வரன் அதை எட்டியும் பார்க்கமாட்டான்.

பறந்து வரும் சன்னத்தைத்தான் அவன் அதுவரை அறிந்திருந்தான். உள்ளங்கையில் குளிர்ந்துபோய்ச் சும்மா கிடக்கும் சன்னம் அவனுக்குப் புதிது. முதல் நாள் கை கூசியது உண்மை. பத்தாம் நாள் அது வெறும் ஈயம்.

அறையில் இதைச் சொன்னதுதான் பிழை. அருளம்பலம் என்று அவனிலும் சின்னவன் ஒருத்தன், வாய் சும்மா இருக்காதவன், சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"நகுலண்ணை, ஊரிலை சன்னத்துக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். இஞ்சை வந்து அதை நிறுத்துப் போத்தில்லை போடுறியளோ? உங்களுக்கென்ன விசரே?"

மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஒருவனுடைய தம்பி போன வருடந்தான் சன்னம் பட்டுச் செத்துப் போயிருந்தான். அதற்குப் பிறகு நகுலேஸ்வரன் அந்தக் கதையை எடுக்கவில்லை. அவர்களும் அவனோடு முன்னைப்போலக் கதையை எடுக்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு தொத்தோரேயின் பழைய பியற் காரில் பகேரியாவையும் தாண்டி, மலையடிவாரத்துச் சுடுதிடலுக்குப் போவார்கள். முதல் வெடிக்கே நகுலேஸ்வரன் மேசைக்குக் கீழே போய்விட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொத்தோரே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அவன் தானாக எழும்பும்வரை காத்திருந்து, காதுக்குப் பஞ்சு கொடுத்தார். கார்த்திகை மாதம் நிறுத்த சன்னங்களைக் கொண்டுபோன அன்று இலக்குத் தாளை எடுத்து வந்து அவன் முன் விரித்தார். முன்பெல்லாம் சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும் ஓட்டைகள், அன்று ஒரு கோப்பித் தட்டுக்குள் அடங்கியிருந்தன. தொத்தோரே அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "நொஸ்த்ரோ" என்றார். நம்முடையது. யாராவது ஒருவர் தன்னையும் சேர்த்து 'நம்' என்று சொல்லி எத்தனை காலம் என்று நகுலேஸ்வரனுக்கு நினைவில்லை. வழியெல்லாம் கார்க் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். கிழவருக்கு முன்னால் அழக்கூடாது என்று ஒரு வைராக்கியம்.

அந்தச் சந்தோசந்தான் வினையாய் வந்து முடிந்தது.

தை பிறக்க இரண்டு நாள் இருந்தது. அந்த வார ஞாயிறு பெரிய போட்டி. தொத்தோரே மகளைப் பார்க்கக் கத்தானியா போயிருந்தார். சின்ன அறையில், ஐந்து பெட்டிகளில், பித்தளைக் கோதுகள் புகை பிடித்துக் கறுத்துக் கிடந்தன. பொங்கல் வருகிறது, வீட்டில் பித்தளை கறுத்துக் கிடக்கிறது. ஓர் இந்து வீட்டுப் பிள்ளையின் கை அதன்பிறகு சும்மா இருக்குமா? குத்துவிளக்குக்கும் செம்புக்கும் செய்கிறதை இதற்கும் செய்தால் கிழவர் வந்து பார்த்து அசந்துபோவார் என்று நினைத்தான். நம் ஆட்களின் கடையில் பழப்புளி வாங்கி வந்து, ஐந்து பெட்டிகளையும் ஒரே பேசினில் கொட்டி, புளியும் உப்பும் போட்டு ஊற வைத்து, ஒவ்வொன்றாகத் தேய்தேய் என்று தேய்த்தான். அடிப்பக்கத்தில் கறுப்பாகச் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. அழுக்கு என்று நினைத்தான். உண்மையைச் சொன்னால் நினைக்கக்கூட இல்லை. கை தேய்த்தது, கறுப்புப் போனது. பல்கனி வெயிலில் காயவைத்து, வெள்ளைத் துவாயில் வரிசையாக அடுக்கினான். பொன்னாய் மினுங்கின. பாட்டுக்கூடப் பாடினான் என்றால் பாருங்கள்.

தொத்தோரே வந்து பார்த்தார். முகம் முதலில் மலர்ந்தது. "கே பெல்லோ!", என்ன அழகு, என்று ஒன்றைக் கையில் எடுத்தார். எடுத்ததை யன்னலடிக்குக் கொண்டுபோய் அடியைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இன்னொன்று, இன்னொன்று. பிறகு கதிரையைத் தேடி இருந்தார்.

"கோடுகள் இருந்தனவே?" என்று மெல்லக் கேட்டார்.

நகுலேஸ்வரனுக்கு விளங்கவில்லை. கிழவர் கடதாசி எடுத்துக் கீறிக் காட்டினார். ஒரு சூட்டுக்கு மையால் ஒரு கோடு. எட்டுக் கோடு விழுந்த கோது களைத்த கோது. ஒன்பதாம் தரம் வெடித்துக் கண்ணைக் கொண்டுபோனாலும் போகும். எது இரண்டு, எது ஏழு என்று இனி யாராலும் சொல்லமுடியாது. இந்தக் கோதை இப்போது யாரும் செய்வதுமில்லை. இருபது வருடமாக ஒன்றிரண்டாகச் சேர்த்தவை.

"அல்த்ரி?", வேறு கோதுகள், என்று நகுலேஸ்வரன் கேட்டான். அவனுக்குத் தெரிந்த இத்தாலி அவ்வளவுதான்.

"இல்லை," என்றார் தொத்தோரே. "சுடுவதை விட்டுவிடவேண்டியதுதான்."

அவர் கத்தியிருந்தால் இவனும் காலைப் பிடித்து அழுதிருப்பான், ஒருவழியாக முடிந்திருக்கும். அவர் கத்தவில்லை. மினுங்கும் கோதுகளைத் துவாயோடு சுருட்டி அலுமாரியில் வைத்தார். தன் தோளில் ஒருதரம் கை வைத்துவிட்டு அவர் போனதை நகுலேஸ்வரனால் தாங்க முடியவில்லை. அந்த ஞாயிறு போட்டிக்கு யாரும் போகவில்லை. சின்ன அறைக் கதவு சாத்தியே கிடந்தது.

அதன்பிறகு நாலு மணி என்பது பெரிய தலையிடியாகிவிட்டது. வேலை மூன்றரைக்கே முடிந்துவிடும். துறைமுகப் பக்கம் போவான், கப்பலைப் பார்ப்பான், திரும்பிச் சந்தைக்குள்ளால் வருவான், மறுபடியும் துறைமுகம். தைக் குளிர்காற்றில் அவனைத் தவிர அங்கே நிற்பவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் தன்னையறியாமல் "வெந்தி, விர்கோலா..." என்று முணுமுணுத்தான். பக்கத்தில் மீன் வலை தைத்தவன் விலகிப் போய் இருந்தான். தனக்கு இருந்த ஒரே ஒரு ஆளைத் தன் கையாலேயே புளி போட்டுத் தேய்த்துவிட்டேன் என்று அவனுக்குப் பட்டது. கிழவரும் பின்னேரங்களில் வானொலியை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் போடாமல் இருந்தார்.

அருளம்பலத்துக்கு வாய் பெரிதே தவிர மனம் கெட்டதல்ல. மாசி நடுவில் அவனாகவே வந்து கேட்டான்.

"அண்ணை, மொண்டெல்லோவிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவ ஆள் தேடினம். ஈஸ்டரோடை துவங்கும். மேலை அறை இருக்கு, எங்கடை பெடியள் ஐஞ்சு பேர் இருக்கினம். கதைக்கச் சிரிக்க ஆள் இருக்கும். உந்தக் கிழவனோடை கிடந்து நீங்களும் ஊமையாப் போகப்போறியள்."

"ஓம்," என்றான் நகுலேஸ்வரன்.

"ஓம் எண்டால்? வாறியளோ?"

"வாறன் எண்டு சொல்லு. நாளைக்குத் தொத்தோரேயிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்."

வேலையை விடுகிறேன் என்று இத்தாலியில் எப்படிச் சொல்வது என்று அருளம்பலமே சொல்லிக்கொடுத்தான். அது ஒரு முழு வசனம். அவன் அதுவரை இத்தாலியில் சொல்லிய எதையும்விட நீளமானது. வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் வேலை முடியும்வரை பொறுத்தான். மூன்றே முக்காலுக்கு ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கிழவரைத் தேடினான். சின்ன அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே தொத்தோரே, பதினொரு சாடிகளையும் நிரையாக இறக்கி வைத்து, முதல் சாடியின் மூடியைத் திறந்து, பெரிய எனாமல் பேசினுக்குள் சன்னங்களைக் கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டாவது. ஈயம் ஈயத்தில் விழுந்த சத்தத்தில் அவன் வந்தது அவருக்குக் கேட்கவில்லை.

"தொத்தோரே, நோ!" என்று கத்திவிட்டான்.

கிழவர் திரும்பிப் பார்த்தார், நிறுத்தவில்லை. புரட்டாதியிலிருந்து மூன்று மூன்று தரமாக நிறுத்துப் பிரித்ததெல்லாம் போய்க்கொண்டிருந்தது. கோபம் இப்போதுதான் வெளியே வருகிறது, எல்லாவற்றையும் எறியப் போகிறார் என்று நகுலேஸ்வரன் நினைத்தான். எறியட்டும், பார்த்துவிட்டே போகவேண்டும், அதுதான் தனக்குத் தண்டனை என்று சுவரோடு நின்றான். கடைசிச் சாடியும் காலியானது. தொத்தோரே சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கையாலும் பேசினை அடியிலிருந்து நன்றாகக் கிளறினார். பெரிய நிறையும் சின்ன நிறையும் ஒன்றோடொன்று கலந்து, பெட்டியில் வந்த நாளில் இருந்தபடியே ஆயின.

கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் இருந்தார். கொப்பியில் புதிய பக்கம் எடுத்துத் தேதி எழுதினார். மற்றக் கதிரையைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டார்.

நகுலேஸ்வரன் அலுமாரியைக் காட்டினான். பிறகு துப்பாக்கி இருந்த பக்கத்தைக் காட்டினான். கோது இல்லை, சுடுவதற்கு இல்லை, பிறகெதற்கு என்பதை எல்லாம் சேர்த்து அவனுக்குக் கேட்கத் தெரிந்தது ஒரே சொல்தான்.

"பெர்கே?"

தொத்தோரே சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"மணி நாலு," என்றார்.

பாடமாக்கி வந்த வசனத்தை விழுங்கிவிட்டு நகுலேஸ்வரன் கதிரையில் இருந்தான். தராசு சரிந்திருந்தது, திருகாணியைத் திருகி நிமிர்த்தினான். ஒரு சன்னத்தை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தான். கண் கலங்கியதால் முள் இரண்டாகத் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தான். கிழவர் கொப்பியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வெந்தி," என்றான். "விர்கோலா, தூயே."

தொத்தோரே எழுதினார்.

நாளுக்கு இருபத்தைந்து என்றாலும் இந்தப் பேசின் முடிய ஈஸ்டர் தாண்டிவிடும் என்று நகுலேஸ்வரன் மனதுக்குள் கணக்குப் போட்டான். இருபது என்று வைத்துக்கொண்டால் இன்னும் தள்ளிப்போகும். முள் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதே சன்னத்தை இரண்டாம் தரம் நிறுத்தான்.