பதினொரு கிராம் சேக்கல்

2025 ஜூன் 11, புதன்கிழமை காலை, திருச்சி காந்தி மார்க்கெட்டில் பாலுவின் மளிகைக் கடைக் கல்லாவில் ஓர் இஸ்ரேல் நாணயம் கிடந்தது.

யாரோ ஒரு ரூபாய் என்று கொடுத்திருந்தார்கள். பாலுவும் அப்படியே வாங்கிப் போட்டிருந்தார். மீதிச் சில்லறையில் அது ரங்காவின் கைக்கு வந்தது. ரங்கா ஸ்ரீரங்கத்துக்காரர், சரித்திரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு சம்பளத்துக்கு மட்டும்தான், பாடம் நடத்துவதற்கு இல்லை.

“சேக்கல்! பாலு, இது முதல்ல காசே இல்ல, எடை. எபிரேயர் கல்லை வச்சு வெள்ளியை நிறுத்துக் கொடுப்பா. ஒரு சேக்கல் பதினொரு கிராம்.”

பாலு அதை ஏலக்காய்த் தராசில் வைத்தார். 3.5 என்று காட்டியது.

“தராசு தப்பு,” என்றார் ரங்கா.

பாலு மனக்கணக்குப் போட்டார். பதினொன்றை மூன்றரை என்று காட்டும் தராசில் அவர் எத்தனை மாதமாக ஏலக்காயை மும்மடங்காக அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்? கிலோ மூவாயிரம் ரூபாய். சற்று முன்புதான் சமையல் காண்ட்ராக்ட் மகாலட்சுமிக்கு அரைக் கிலோ நிறுத்திருந்தார். அவர் பொட்டலத்தைப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அதைக் கொஞ்சம் கொடுங்க. திரும்ப நிறுத்துடலாம்.”

“வித்தது வித்ததுதாண்ணே. குறைஞ்சிருந்தா கொடுத்திருப்பீங்களா?”

“தராசு சரின்னு ஆச்சுன்னா,” என்றார் ரங்கா, “நான் ஒரு கிலோ பூண்டு வாங்கிண்டு போறேன்.” அவர் வீட்டில் பூண்டு புழங்குவதில்லை.

பக்கத்துக் கடையில் நாட்டு மருந்து விற்கும் ஆஃப்ரின் பேச்சைக் கேட்டு முத்திரை போட்ட பத்து கிராம் படிக்கல்லோடு வந்தார். வைத்தார்கள். 10.0.

மகாலட்சுமி பொட்டலத்தை வெளியே எடுத்து ஒருமுறை பார்த்தார். “அவ்வளவுதானா?”

ரங்கா செல்போனில் தேடினார். “இப்போ அடிக்கிற காசு மூணரை கிராம்தானாம். பேர் மட்டும் பழசு.”

“உங்க சரித்திரம் பதினொண்ணு, என் தராசு மூணரை. நடுவுல எனக்கு ஏழரையைக் கூட்டிட்டீங்களே சார்!” என்று சொல்லிக்கொண்டே பாலு பூண்டை நிறுத்தார்.

ரங்கா பூண்டுப் பையோடு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினார். அவர் மனைவி பூமா அதை வீட்டுக்குள் விடவில்லை. மறுநாள் பாலு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நிறுத்துப் பார்த்தார். சரியாக ஒரு கிலோ இருந்தது.